கம்பியை அழுத்தாத கிட்டார்

"மடியில் கிடத்தி வாசிக்கும் பழைய ஹவாய் கிட்டார் ஒன்றைக் கேட்டேன். ஒரு நிமிடத்துக்கு நாலைந்து சுரம்தான் வந்திருக்கும். ஆனால் மனசை என்னவோ செய்துவிட்டது. அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதில் இருப்பது ஒரு எஃகு உருளை. அதைப் பற்றி எழுத எனக்கு நீண்ட நாள் ஆசை.

வரலாறு சுருக்கமாக. ஹவாயின் ஓவாஹு தீவில் பள்ளி மாணவனாக இருந்த ஜோசப் கெகுகு, 1889 வாக்கில் கிட்டார் கம்பிகள் மேல் எஃகுத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கும் முறையை உருவாக்கியதாகச் சொல்வார்கள். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவெங்கும் இதற்கு மவுசு கூடியது. ஆனால் கூட்டத்தில் மரப்பெட்டியின் சத்தம் எடுபடவில்லை. ஜார்ஜ் போஷாம்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930களின் தொடக்கத்தில் அலுமினியத்தை வார்த்து மின் கிட்டார் செய்தார்கள். வட்ட உடம்பும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்றே அதற்குப் பெயர். லாட வடிவக் காந்தங்கள் தோரணம் போல் வளைந்து நிற்க, நடுவே எஃகுக் கம்பிகள் ஓடும். கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், அடியில் உள்ள சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பள்ளியில் படித்த அதே பாரடே விதி. சரி, உருளைக்கு வருவோம்.

கம்பியை மீட்டினால் அலை ஒரு முனைக்கு ஓடி, முட்டி, மறுமுனைக்குத் திரும்புகிறது. 220 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் விநாடிக்கு 220 முறை போய்வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு கரைவதாக வைத்துக்கொள்வோம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு விநாடி முடிவில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. கரைவது ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டுமே என்றால், அதே ஒரு விநாடிக்குப் பிறகும் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கையில் இருக்கும். சுரத்தின் ஆயுள், முனைகள் அலையை எவ்வளவு முழுசாகத் திருப்பி அனுப்புகின்றன என்பதில் அடங்கியிருக்கிறது.

வயலினில் ஒரு விரலால் கம்பியை அழுத்திக்கொண்டு, வில் போடாமல் சுண்டிப் பாருங்கள். 'டொப்' என்று அடங்கிவிடும். அங்கே மெட்டு, அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை, கிடையாது, விரல்நுனிச் சதையே கம்பியின் முனை. மெத்தென்ற சதை அலையை உறிஞ்சிக்கொள்கிறது. மெட்டு வைத்தால் முனை கடினமாகும், ஆனால் வழுக்கல் போய்விடும். எஃகு உருளையால் வாசிக்கும் இந்த ஸ்டீல் கிட்டார் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறது. 0.4 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி, அந்த 'ஃப்ரையிங் பேன்' கிட்டாரின் 57 செ.மீ. நீளத்துக்கு, அரை கிராமைச் சற்றே தாண்டும். வாசிப்பவர் கையில் இருக்கும் உருளையோ இருநூறு கிராமுக்கு மேல். தன்னைவிட நானூறு மடங்கு கனமான பொருளில் வந்து முட்டும் அலைக்கு அதை அசைக்கத் திராணி இல்லை, அப்படியே திரும்பிவிடுகிறது. மறுமுனையில் கெட்டியான வார்ப்பு உலோகம். மரக் கிட்டாரின் பெட்டி கம்பியின் ஆற்றலை வாங்கிக் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். இங்கே ஒலி மின்சாரமாகப் போவதால் உடம்புக்கு அந்த வேலையும் இல்லை.

நண்பர் வீட்டில் ஒரு பழைய லேப் ஸ்டீலை (மடியில் கிடத்தும் ஸ்டீல் கிட்டார்) வைத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. உருளையைக் கம்பி மேல் சும்மா வைக்க வேண்டும். கீழே பலகையில் படும்படி அழுத்தக் கூடாது. அதனால் உருளைக்கு இந்தப் பக்கம் மட்டுமில்லாமல் அந்தப் பக்கக் கம்பியும் சிணுங்குகிறது. நான் வாசித்தபோது ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் ஒரு அழுக்கு ஓசை ஓடியது. நண்பர் என் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் பிடித்து உருளைக்குப் பின்னால் கம்பிகள் மேல் மெல்லப் படுக்க வைத்தார். சட்டென்று ஓசை தெளிந்தது. உறிஞ்சுவதில் சதைக்கு உள்ள அதே குணம் இங்கே உபகாரமாகிவிட்டது!

நுணுக்கமெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கிறது. அந்த 57 செ.மீ. கம்பியில் முதல் அரைச்சுரத்துக்கு (கிட்டாரில் ஒரு மெட்டுத் தூரம்) உருளை 32 மி.மீ. நகர வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே போனால் 16 மி.மீ. போதும். அங்கே ஒரே ஒரு மி.மீ. பிசகினால் அரைச்சுரத்தில் பதினாறில் ஒரு பங்கு தப்பும், பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும். உருளையை நேராக வைத்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே விகிதத்தில் குறுகுகின்றன. திறந்த கம்பிகளில் வைத்த சுருதிக்கூட்டு குலையாமல் அப்படியே மேலும் கீழும் போகும், வேறு கூட்டு வேண்டுமென்றால் உருளையைச் சாய்க்க வேண்டும், அல்லது சில கம்பிகளைத் தொடாமல் விட வேண்டும். ஆகவே நல்ல கலைஞர் இரண்டு கம்பியை மீட்டிவிட்டுக் காத்திருக்கிறார். அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்டின் வாசிப்பைக் கேளுங்கள். சுரம் அடங்குவதற்குள் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று யோசிக்க அவருக்கு நேரம் இருக்கிறது. மெட்டில்லாத வீணை போன்ற நம் கோட்டுவாத்தியத்தின் கலைஞர் கருங்காலிக் கட்டையால் ஜாரு பிடிப்பதும் (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதும்) இதே இயற்பியல்தான்.

பழைய வாத்தியம் என்றாலே தெய்வீக நாதம் என்று ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அந்த அலுமினிய உடம்பு மேடை விளக்குச் சூட்டில் விரிந்து சுருதி கலைந்தது, 1935இல் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாதம் நன்றாக இருந்தால் காரணத்தை அளந்து பார்க்கலாம். சி.வி. ராமன் 1921இல் வீணை, தம்புராக் குதிரையின் (கம்பிகளைத் தாங்கும் கட்டையின்) வளைவை அப்படித்தான் ஆராய்ந்தார். இன்று வாத்திய ஒலியியலுக்கு ஒரு சிறிய ஆய்வுக்கூடம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கு ஆகும் பணத்தில் ஒரு துளி போதும், கோட்டுவாத்தியக் கட்டையின் எடை நாதத்தை எப்படி மாற்றுகிறது என்று ஒரு மாணவர் ஒழுங்காக அளந்துவிடலாம்.

அதுவரை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சாதாரண கிட்டாரில் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, கழுத்தின் தலைப்பக்கம் அவற்றுக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகுங்கள். கம்பிகள் மேலே எழும்பும். மடியில் படுக்க வைத்து, முதலில் ஒரு பிளாஸ்டிக் பேனாவைக் கம்பி மேல் வைத்து மீட்டுங்கள். அப்புறம் மெக்கானிக் பட்டறையில் போல்ட் கழற்றப் பயன்படும் பெரிய எஃகு சாக்கெட்டை அதே இடத்தில் வைத்து மீட்டி, சுரம் எப்போது அடங்குகிறது என்று எண்ணிக்கொண்டே இருங்கள். சுண்டுவிரல் பின்னால் இருக்கட்டும்.