ஒரே எண்ணில் மாட்டிக்கொண்ட ஜாவா

2011 பிப்ரவரியில் ஜாவா என்ற நிரல்மொழியில் ஒரு பிழை தெரியவந்தது. 2.2250738585072012 × 10⁻³⁰⁸ என்ற எண்ணைப் படிக்கச் சொன்னால், அது படித்து முடிப்பதே இல்லை. இந்த எண் நிரலில் இருந்தால், நிரலை இயங்கத்தக்க வடிவுக்கு மாற்றும் கம்பைலரே தொங்கிவிடும். பிரவுசர் அனுப்பும் மொழி விருப்பத் தகவலில் இதை நுழைத்து சர்வர்களையும் முடக்க முடிந்தது. அதனால்தான் இது அவசரமான பாதுகாப்புப் பிரச்சினையானது.

கணினி பின்ன எண்களைச் சேமிக்கும் வடிவமான 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 53 பைனரி இலக்கங்களுக்குத்தான் இடம். 0.1 கூட அதில் துல்லியமாக அடங்காது. அதனால் எழுத்தில் உள்ள எண்ணுக்கு மிக அருகில் இருப்பதைத் தேட வேண்டும். ஜாவாவின் நூலகம் முதலில் தோராயமாக ஒரு விடை போடும். அப்புறம் பெரிய முழு எண்களால் அதை மூல எண்ணோடு ஒப்பிடும். அடுத்தடுத்த இரு மிதவைப் புள்ளி எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் விலகல் போனால், அடுத்த எண்ணுக்கு ஒரு படி நகர்த்தி, மறுபடி ஒப்பிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விடை 2-இன் அடுக்காக இருந்தால், அதற்குக் கீழே உள்ள எண்கள் மேலே உள்ளவற்றைவிட இருமடங்கு நெருக்கமாக இருக்கும். எனவே கீழே நகர்த்தும்போது கால் இடைவெளிதான் வரம்பு. இந்த விதி ஓரிடத்தில் பொருந்தாது: 2⁻¹⁰²². முழுத் துல்லியம் உள்ள எண்களில் மிகச் சிறியது அதுதான். அதற்குக் கீழே துல்லியம் குறையத் தொடங்குகிறது, ஆனால் இடைவெளி மாறுவதில்லை.

நம் எண் 2⁻¹⁰²²-க்குக் கீழே 0.37 இடைவெளி தள்ளி இருக்கிறது. சரியான விடை 2⁻¹⁰²²தான். ஆனால் நிரல் கால் இடைவெளி வரம்பை வைத்துப் பார்த்து, விடை பெரிது என்று ஒரு படி இறக்கியது. இறங்கிய இடத்தில் விலகல் 0.63, அதாவது பாதிக்கு மேல். சரி, ஏற்று. மறுபடி 0.37, மறுபடி இறக்கு. இந்த ஊசலாட்டத்துக்கு முடிவே இல்லை.

திருத்தம் அழகானது. "இது 2-இன் அடுக்கா, எல்லைக்கு மேலே உள்ளதா?" என்று சோதிக்கும் வரியில் அடுக்கெண்ணுக்கான அந்தக் கீழ் எல்லையோடு ஒரு +1 சேர்த்தார்கள். அதோடு 2⁻¹⁰²² அந்தக் கால் இடைவெளி விதியிலிருந்து விலகியது. வரம்பு பாதி இடைவெளியானதும் 0.37 அதற்குள் அடங்கி, சுற்று நின்றது.

அதற்கு முந்தைய மாதம் பிஹெச்பி என்ற இன்னொரு நிரல்மொழியைத் தொங்கவைத்த எண்ணும் கிட்டத்தட்ட இதுவேதான். கடைசி இலக்கம் மட்டும் 2-க்குப் பதில் 1. ஆனால் காரணம் வேறு. 32 பிட் பதிப்பில் இடைக்கணக்கு ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் 80 பிட் சேமிப்பிடங்களான பதிவகங்களில் நடந்தது. அந்த மதிப்பை நினைவகத்தில் 64 பிட்டாகவே வைக்கச் சொல்லும் 'வோலடைல்' என்ற சொல்லைச் சேர்த்ததும் அதுவும் சரியானது.