திசையன், திசையிலி: வெக்டர், ஸ்கேலர் என்னும் சொற்களின் விளக்கம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளின் தலைப்பகுதியில், கீழிருந்து பார்த்தால் எளிதில் புலப்படாத இரண்டு சிறு கருவிகள் இருக்கும். ஒன்றில் மூன்று கிண்ணங்கள் சுழலும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அது வேகத்தை மட்டும் ஓர் எண்ணாகத் தரும். மற்றொன்று வால் வைத்த திசைகாட்டி; அது காற்று வரும் பக்கத்தை மட்டும் சொல்லும். முதற்கருவி தருவது ஸ்கேலர் அளவு. இரண்டும் தருவதைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் திசைவேகம் என்னும் வெக்டர் அளவு கிடைக்கிறது. அது தெரிந்தால்தான் காற்றாலை தன் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பிக்கொள்ள முடியும்.

நிறை, காலம், வெப்பநிலை, தொலைவு ஆகியவை ஸ்கேலர்கள். இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை நேர்க்கோட்டில், திசையோடு அளப்பது), திசைவேகம், விசை ஆகியவை வெக்டர்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பியவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அவருடைய இடப்பெயர்ச்சியோ சுழி.

வெக்டர் என்பது 'சுமந்து செல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல். சுமப்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். நோயைச் சுமந்து பரப்பும் கொசுவையும் மருத்துவத்தார் இச்சொல்லால் குறிப்பதன் காரணம் இதுவே. ஸ்கேலர் என்பது ஏணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1843இல் நான்கு உறுப்புகள் கொண்ட புதுவகை எண்ணைக் கண்டறிந்த அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹாமில்டன், பின்னர் அதன் ஒரு பகுதிக்கு ஸ்கேலர் என்றும் எஞ்சிய பகுதிக்கு வெக்டர் என்றும் பெயரிட்டார். எதிர்ம எண்களிலிருந்து நேர்ம எண்கள் வரை ஒரே ஏணியில் ஏறி இறங்கும் மதிப்பு என்பதே முதற்பெயரின் கருத்து.

தமிழ்நாட்டில் வெக்டரைத் திசையன் என்றும் ஸ்கேலரைத் திசையிலி என்றும் வழங்குகிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் காவி, எண்ணி என்கின்றன. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். வேளிமலை குமாரகோவிலுக்கு எடுத்துச் செல்லும் காவடியிலும் அந்தக் 'கா'தான் இருக்கிறது. மூலப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் அமையாது. ஆயினும் நம் பக்கத்து மாணவருக்குக் காவி என்றதும் நிறமும் உடையும்தான் நினைவுக்கு வரும் என்பதால், திசையனையே நான் ஏற்கிறேன். மறுபுறம், திசையிலி என்பது இல்லாததைச் சொல்கிறதே தவிர இருப்பதைச் சொல்லவில்லை. அவ்விடத்தில் எண்ணியே சிறந்த சொல்.

கடற்கரையில் இந்தக் கருத்துக்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. வாடை என்றால் வடக்கிலிருந்தும், கொண்டல் என்றால் கிழக்கிலிருந்தும், கச்சான் என்றால் மேற்கிலிருந்தும் வருவது எனப் பெயருக்குள்ளேயே திசை அடங்கிவிடுகிறது. வேகத்தைச் சொன்னால் போதும், திசையன் முழுமையாகிவிடும்.

திசையன்களைக் கூட்டும் முறையும் கடலில்தான் நன்கு விளங்கும். ஒரு வள்ளம் தெற்கு நோக்கி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தப்படுகிறது. நீரோட்டம் அதை மேற்கே 5 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கிறது எனக் கொள்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருப்பதால், பிதாகரஸ் விதிப்படி வள்ளத்தின் உண்மை வேகம் 17 அன்று, 13 கிலோமீட்டர். அது செல்லும் வழியும் தெற்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 23 பாகை விலகியிருக்கும். நேர் தெற்கே போக விரும்புபவர் வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தைச் சற்றுக் கிழக்கே திருப்பிப் பிடித்தாக வேண்டும்.

இங்கே திசையன் என்ற பெயரால் நேரும் ஒரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். திசை இருந்தால் மட்டும் ஓர் அளவு திசையனாகிவிடாது. மேற்கண்டவாறு கூட்டலிலும் திசை கணக்கில் வர வேண்டும். கம்பியில் பாயும் மின்னோட்டத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திசை உண்டு. ஆனால் 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் ஒரு சந்தியில் வந்து சேர்ந்தால், கம்பிகள் எந்தக் கோணத்தில் வளைந்திருந்தாலும் வெளியேறுவது 7 ஆம்பியரே. ஆகவே மின்னோட்டம் திசையிலிதான்.