சொல் விளக்கம்: சீரியலைசேஷன் – தொடராக்கம்

சீரியலைசேஷன் என்ற சொல்லின் வேர், கோர்த்தல், பிணைத்தல் என்று பொருள்படும் 'செரெரே' என்ற லத்தீன் வினை. அதிலிருந்து 'சீரிஸ்', அதன்வழி 'சீரியல்'. நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்து, சுட்டிகளால் (நினைவக முகவரிகளால்) ஒன்றையொன்று பற்றியிருக்கும் ஆப்ஜெக்டை (தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த தொகுப்பை) ஒரே நீளமான பைட் தொடராக மாற்றுவதற்கு நிரலாளர்கள் இந்தச் சொல்லை ஆள்கிறார்கள். ஜாவாவில் 1997இல் வந்த 1.1 பதிப்பு முதலே இந்த வசதி உண்டு. பைத்தானில் இதற்குப் 'பிக்கிள்' என்று பெயர்.

தமிழில் 'வரிசையாக்கம்', 'தொடராக்கம்' இரண்டும் புழங்குகின்றன. தொடராக்கமே சரி. வரிசை என்றதும் ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ அடுக்கும் சார்ட்டிங்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. எதிர்ச்செயலான டீசீரியலைசேஷனை 'மீளுருவாக்கம்' எனலாம்.

வலைத்தள நிரல்மொழியான பிஎச்பி இதை எப்படி எழுதிவைக்கிறது என்று பாருங்கள். 'அம்மா' என்ற சரம் எஸ்:15:"அம்மா"; என்று பதிவாகும். எழுத்து மூன்றுதானே, 15 எங்கிருந்து வந்தது? அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என யூனிகோடில் ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பிஎச்பி எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. இதை அறியாமல் தரவுத்தளத்தின் டம்ப் (மொத்த நகல்) கோப்பை எடிட்டரில் திறந்து, தள முகவரியில் எச்டிடிபி என்பதை எச்டிடிபிஎஸ் என்று மாற்றிவிடுகிறார்கள். ஒரு பைட் கூடிவிடும், முன்னால் நிற்கும் எண் பழையதாகவே இருக்கும், மீளுருவாக்கம் தோற்றுப்போய் அமைப்புகள் மொத்தமும் காணாமல் போகும். மீளுருவாக்கி, மாற்றி, மறுபடி தொடராக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளமானால் அதன் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரிப்ளேஸ் கட்டளை இதைத்தான் செய்கிறது.

தொடராக்கத்துக்கு அடங்காத ஆப்ஜெக்டுகளில் அதிகம் தொல்லை தருவது தரவுத்தள இணைப்பு. நிரலின் பக்கம் அது இயங்குதளம் அந்தப் புராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) மட்டும் கொடுத்த, பிணைய இணைப்பைக் குறிக்கும் ஒரு சாக்கெட் எண். மற்ற பாதி சர்வரில் இருக்கிறது: லாகின் நிலை, முடியாத டிரான்சாக்‌ஷன், தற்காலிக அட்டவணைகள். எண்ணை மட்டும் பைட்டாக எழுதி அடுத்த கோரிக்கையில் எடுத்தால், அது எதையும் சுட்டாது. அல்லது சம்பந்தமே இல்லாத வேறொரு கோப்பைச் சுட்டும். அதனால்தான் பிஎச்பியில் தரவுத்தள இணைப்பான பிடிஓ ஆப்ஜெக்டைச் செஷனில் (கோரிக்கைகளுக்கு இடையே பயனர் தகவலைத் தொடராக்கிச் சேமிக்கும் இடம்) போட்டால், அதை எழுதும்போது பிழை எழுகிறது. பைத்தானிலும் எஸ்க்யூலைட் இணைப்பைப் பிக்கிள் ஏற்காது.

இணைப்பை நேரடியாக யாரும் செஷனில் போடுவதில்லை. பயனர் ஆப்ஜெக்டைப் போடுவார்கள்; அதன் உள்ளே தரவை எடுத்துத் தரும் ரெப்பாசிட்டரி, அதன் உள்ளே இணைப்பு. தொடராக்கம் சுட்டி விட்ட வழியெல்லாம் போகும் என்பதால் அடியாழத்தில் இருப்பதும் மாட்டிக்கொள்ளும். ஜாவாவில் அந்தப் புலத்துக்கு 'டிரான்சியன்ட்' என்று குறியிட்டால் அது விடுபடும். பிஎச்பியில் 'ஸ்லீப்' மெத்தடில் வேண்டிய புலங்களின் பெயரை மட்டும் திருப்பித் தந்து, 'வேக்கப்' மெத்தடில் மறுபடி இணையலாம், 7.4 முதல் இதற்கு 'சீரியலைஸ்', 'அன்சீரியலைஸ்' என்ற மேஜிக் மெத்தடுகளும் (பிஎச்பி தானாக அழைப்பவை) உண்டு. பல எடுத்துக்காட்டுகளில் அப்படித் திரும்ப இணைவதற்காகக் கடவுச்சொல்லையும் புலங்களில் சேர்த்திருப்பார்கள். அதைப் பின்பற்றாதீர்கள், செஷன் கோப்பில் கடவுச்சொல் அப்படியே படிக்கும்படி கிடக்கும்.

செஷனில் பயனரின் ஐடியை மட்டும் வைத்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் தரவுத்தளத்திலிருந்து எடுப்பதே நல்லது. இணைப்பைப் புராசஸுக்குள் இருக்கும், திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைத்துத் தரும் கனெக்‌ஷன் பூல் கவனித்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான உச்சம் 151 இணைப்புகள், போஸ்ட்கிரெஸ்ஸில் 100. நான்கு புராசஸ், ஒவ்வொன்றிலும் 30 இணைப்புகள் என்று பூல் வைத்தாலே போஸ்ட்கிரெஸ் கதவைச் சாத்திவிடும்.

பிஎச்பி சட்டகமான லாராவெல் தன் க்யூ வேலைகளில் (பிறகு ஓடுவதற்காகக் காத்திருக்கும் பணிகள்) இதே ஐடி முறையைக் கையாள்கிறது: மாடலின் (தரவுத்தளப் பதிவைக் குறிக்கும் ஆப்ஜெக்டின்) தரவு அல்ல, வகுப்புப் பெயர், ஐடி போன்ற அடையாளங்களே தொடராகும். வேலை ஓடுமுன் தரவுத்தளத்தில் அந்தப் பதிவு நீக்கப்பட்டிருந்தால் மாடல் இல்லை என்று பிழை வரும், அதையும் கையாள வேண்டும்.

குக்கி, படிவம் என வெளியிலிருந்து வரும் பைட்டுகளை ஒருபோதும் பிக்கிளிலோ பிஎச்பி அன்சீரியலைஸிலோ போடக் கூடாது. மீளுருவாக்கத்தின்போது வகுப்புகளின் மெத்தடுகள் தாமாக ஓடும். தாக்குபவர் எந்த வகுப்பு என்பதைத் தானே தேர்ந்துவிடுவார். அந்த இடத்தில் வெறும் தரவை மட்டும் தாங்கும் ஜேசன் வடிவம் போதும். வேறு வழியே இல்லையென்றால், பிஎச்பி 7.0 முதல் அன்சீரியலைஸுக்கு உள்ள 'அலவ்ட் கிளாசஸ்' தெரிவை ஃபால்ஸ் என்று வையுங்கள்.