எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர்: குழாய் வறண்ட நாளில் ஒரு மருத்துவமனை

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில், சித்திரைப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தபோது, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கொட்டித் தீர்த்த மழை 400க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர் வேரூன்றிய டோங்காட்டில், குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே வெள்ளம் சிதைத்துவிட்டது. வெள்ளத்தால் அழிந்த ஊரில் அதன்பின் பல மாதங்கள் குழாய்கள் வறண்டு கிடந்தன. வாளியோடும் டிரம்மோடும் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்ற குடும்பங்கள், வந்த நீரைக் காய்ச்சிக் குடித்தன. அதே நீரில் சமைத்தன, துவைத்தன. மருத்துவமனை இப்படிச் சமாளிக்க முடியாது. அங்கே கழிப்பறைக்குப் போதுமான நீர் அறுவை அரங்குக்கு ஆகாது. குடிக்கத் தகுந்த நீர்கூட, சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் கருவிக்குள் அப்படியே போகக்கூடாது.

முதலில் அளவைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகளின்படி, உள்நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டரும், புறநோயாளி ஒருவருக்கு 5 லிட்டரும், ஓர் அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ 100 லிட்டரும் குறைந்தபட்சத் தேவை. 200 படுக்கைகளும், நாளுக்கு 300 புறநோயாளிகளும், 10 அறுவை சிகிச்சைகளும் உள்ள ஒரு மருத்துவமனைக்கு இந்தக் கணக்கின் மேல் அளவில் 14,500 லிட்டர் வேண்டும். நம் வீட்டு முற்றங்களில் நிற்கும் ஜோஜோ தொட்டிகளில் 10,000 லிட்டர் பிடிக்கும் பெரியது ஒன்றரை இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும் என்று தோன்றும். ஆனால் தடையின்றி நீர் வரும் நாளில் பெரிய மருத்துவமனைகள் படுக்கை ஒன்றுக்குப் பல நூறு லிட்டர் செலவிடுகின்றன. அந்த இடைவெளி எங்கே ஒழுகுகிறது என்பதை ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மீட்டர் பொருத்தி முன்கூட்டியே அறிந்திராத நிர்வாகம், நெருக்கடி வந்ததும் எந்த வால்வை மூடுவது என்று தெரியாமல் தடுமாறும். தொட்டி வாங்குவதற்கு முன் மீட்டர் வாங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மீட்டர் காட்டிக்கொடுக்கும் செலவுகளில் ஒன்று, அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ். 134 டிகிரி நீராவி கருவிகளின் இடுக்குகளுக்குள் புக வேண்டுமானால், உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுத்தாக வேண்டும். பழைய வகைப் பம்புகள் இந்த வெற்றிடத்தை ஓடும் குழாய் நீரைக் கொண்டே உண்டாக்குகின்றன. அந்த நீர் ஒருமுறை சுற்றிவிட்டு நேரே வடிகாலுக்குப் போகிறது. வெளியேறும் கொதிநீரைக் குளிர்விக்கவும் குழாய் நீரே கலக்கப்படுகிறது. அந்த நீரைக் குளிரூட்டி மீண்டும் சுழலவிட்டாலோ, நீர் தேவைப்படாத பம்பாக மாற்றினாலோ கிருமிநீக்கத்தின் தரம் சற்றும் குறையாமல் பெருமளவு மிச்சமாகும்.

டயாலிசிஸ் பிரிவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீரிழிவு மிகுந்த நம் தென்னாப்பிரிக்க இந்தியச் சமூகத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரை அறியாத குடும்பம் அரிது. கருவியில் நோயாளியின் இரத்தம் ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கமும், சுத்திகரித்த நீரில் உப்புகள் கலந்த கரைசல் மறுபக்கமும் ஓடுகின்றன. கரைசலின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் வாரத்துக்கு 14 லிட்டர்தான். குடிக்கும் நீரைக் குடல் தேர்ந்து ஏற்கிறது, கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்த நோயாளிக்கோ அந்த இரண்டு காவலும் இல்லை. நாம் குடிப்பதைப்போல் இருபத்தைந்து மடங்கு நீர் இரத்தத்துக்குச் சவ்வளவு தூரத்தில் ஓடுகிறது.

அதனால்தான் குழாய் நீர் அங்கே மணல் வடிகட்டி, கடினத்தன்மை நீக்கி, கரி வடிகட்டி, கடைசியாக, கரைந்த உப்புகளையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. சவ்வு என்று வரிசையாகக் கடக்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த வரிசைக்குள் வரும் நீரே மாறிவிடுகிறது. லாரி நீரில் கிருமிக்கு அஞ்சிக் குளோரின் கூடுதலாகப் போடப்பட்டிருக்கலாம்; குளோரினும், அது அமோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, அவற்றைப் பிடிப்பது கரி வடிகட்டிதான். வெள்ளக் கலங்கலைத் தெளியவைக்கப் படிகாரம் மிகுதியாகச் சேர்த்தால் அலுமினியம் எஞ்சக்கூடும். அது மூளையையும் எலும்பையும் தாக்கும். 1996 பிப்ரவரியில் பிரேசிலின் கருவாரு நகரில், வறட்சியின்போது லாரியில் வந்த நீர் போதிய சுத்திகரிப்பின்றி டயாலிசிஸ் நிலையத்துக்குள் போனது. நீர்த்தேக்கத்தின் நீலப்பச்சைப் பாசி உமிழ்ந்த நஞ்சு கல்லீரலைச் சிதைத்து, 50 நோயாளிகளுக்கு மேல் இறந்தனர். அதே வகைப் பாசி பிரிட்டோரியா அருகேயுள்ள ஹார்ட்பீஸ்போர்ட் அணையிலும் படர்கிறது என்பதால், அந்தச் செய்தியைத் தூரத்துக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

இதே பிரிவில் மிச்சப்படுத்தவும் வழி உண்டு. ஆர்.ஓ. சவ்வு ஒதுக்கித் தள்ளும் நீர், பழைய கருவிகளில் உள்ளே போகும் நீரில் பாதிக்கும் மேல் இருக்கும். இது நோயாளியைத் தொடாத நீர். உப்பு சற்றுக் கூடியது, அவ்வளவே. ஒரு தனிக் குழாய் போட்டுத் தொட்டியில் பிடித்தால் கழிப்பறைக்கும் சலவைக்கும் தாராளமாகப் பயன்படும். கருவியிலிருந்து வெளிவரும் கழிவுக் கரைசலை மட்டும் இதனோடு கலக்கவே கூடாது.

கைகழுவுவதில் ஆல்கஹால் தேய்ப்பு பெருந்துணை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இரத்தமோ படிந்த கைக்கும், கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின் வித்துகளுக்கும் அது உதவாது. அங்கே சோப்பும் நீரும் இருந்தே ஆக வேண்டும்.

இனி, சேமித்த நீர். டர்பன் கோடையில் வெயில் படும் தொட்டி எளிதில் வெதுவெதுப்பாகிவிடும். குளோரின் வெப்பத்தில் விரைவாக மறையும். 25 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் கிருமிக்கு ஏற்ற சூழல். ஆகவே பெரிய தொட்டி எப்போதும் நல்லது என்று சொல்ல மாட்டேன். நிரப்பிவிட்டு மாதக்கணக்கில் தொடாமல் விட்ட நீர் அவசரத்துக்கு உதவாது. வரும் நீர் தொட்டி வழியாகவே நாள்தோறும் ஓடி, எஞ்சிய குளோரின் அளவு நாள்தோறும் சோதிக்கப்பட வேண்டும்.

நீர் நின்ற நேரத்தைவிட அது திரும்பி வரும் நேரம் எனக்கு அச்சமூட்டுகிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல்கள் வழியே நீர் வெளியேதான் கசியும். அழுத்தம் வீழ்ந்தால் அதே விரிசல்கள் மண்ணின் அழுக்கை உள்ளே இழுக்கும். வாளிக்குள் முங்கிக் கிடக்கும் ரப்பர் குழாய்கூட வாளி நீரைக் குழாய்வழியே பின்னோக்கி உறிஞ்சும். பிறகு நீர் வேகமாகத் திரும்பும்போது, குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த கிருமிப்படலம் பெயர்ந்து வரும். வார்டில் எல்லோரும் மகிழ்ந்து குழாயைத் திறக்கும் அந்த முதல் நிமிடங்களின் நீர், குறைமாதக் குழந்தைகளுக்கும் தீக்காய நோயாளிகளுக்கும் எட்டக்கூடாதது. பராமரிப்புப் பணியாளர் நுழைவுக் குழாயிலிருந்து தொடங்கி, மாடி மாடியாகக் கடைசிக் குழாய்வரை திறந்து ஓடவிட்டு, கலங்கல் தெளிந்து குளோரின் அளவு சரியாக வந்த பிறகே ஒவ்வொரு பிரிவாகத் திறந்துவிட வேண்டும். டயாலிசிஸ் பிரிவின் வால்வு கடைசியில் திறக்கப்படும். அங்கேயும் கரி வடிகட்டியைக் கடந்த நீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதைச் சோதித்து எழுதி வைத்த பின்னரே முதல் நோயாளி நாற்காலியில் உட்காரலாம்.