காரில் நின்றுபோன பெட்ரோல் பம்பைத் தட்டி ஓட்டாதீர்கள்

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டித் தீர்த்துப் போன சில வாரங்களுக்குப் பின், 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அபிங்டனில் உருவான எம்.ஜி.பி. கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் முதலியார்பேட்டைப் பட்டறைக்கு வந்தார்கள். வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற கார் அது. அதன் உரிமையாளரான ஓய்வுபெற்ற பேராசிரியர், “பம்ப் அடிக்கடி நின்றுவிடும் தம்பி, ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால் ஓடிவிடும். இத்தனை வருடமும் அப்படித்தான் சமாளித்தேன்” என்றார். வலப்பக்கப் பின் சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தேன். பம்பின் அடியில் பெட்ரோல் கசிந்த கறை இருந்தது. அதிலிருந்து ஒரு முழம்கூட இல்லாத தொலைவில் பேட்டரி இருந்தது. பழைய கார்களை அன்போடு வைத்திருக்கும் எல்லோரும் அந்த இடத்தை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கார்களில் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொண்டுசெல்வது எஸ்.யூ. என்ற நிறுவனத்தின் மின்சார பம்ப். சாவியைத் திருப்பியதும் உள்ளிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) காந்தமாகி, டயாஃப்ரம் என்னும் வளையும் சவ்வை இழுக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுப்பு முடியும் இடத்தில், மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் தொடுமுனையான பாயின்ட் பிரிந்து மின்சாரம் நிற்க, ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் திரும்பத் தள்ளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. தள்ளி முடிந்ததும் பாயின்ட் மீண்டும் சேருகிறது. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை இதுதான். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்து ஊசி வால்வு மூடிவிட்டால் பம்ப் தானாக ஓய வேண்டும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பியபோது ஓசை ஓயாமல் விரைந்து அடித்தால், டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் எங்கோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றாவது காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

தட்டினால் பம்ப் ஓடுவதற்குக் காரணம் எளிது. கருகிய பாயின்ட் முனைகள் அதிர்ச்சியில் ஒரு கணம் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் கருக வைத்த குறை அப்படியே இருக்கிறது. எங்கள் ஊரின் உப்புக் காற்றில் முதலில் கெடுவது பம்பின் எர்த் கம்பி. அதன் முனையில் ஏறும் பச்சைக் களிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ததிலேயே ஓடத் தொடங்கிய பம்புகளை நான் பல முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு குறை இதைவிடக் கேடானது. டேங்கின் துருவும் சேறும் உறிஞ்சும் குழாயை அடைத்துவிட்டால் டயாஃப்ரத்தின் இழுப்பு முழுமையடையாமல் பாதியில் நிற்கும், பாயின்ட் பிரியாது, மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்க, காயில் சூடேறிக் கருகிவிடும். பேராசிரியரின் காரில் நடந்ததும் அதுவே. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது பெட்ரோலுக்கு முன்னால் செந்நிறத் தண்ணீர்தான் வந்தது.

இந்தத் தண்ணீர் முழுவதும் வெள்ளத்தோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரி முதல் நாட்டில் விற்பனைக்கு வந்த, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கடற்கரை ஊரில் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் காருக்கு இது பெரிய தீங்கு. அதே எத்தனால் அந்தக் காலத்து ரப்பரை உப்பச் செய்து, பின் இறுகி விரிசல் விட வைக்கிறது. ஆகவே, ‘பழைய ஒரிஜினல் சாமான்’ என்று பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த டயாஃப்ரத்தை வாங்கிப் போடாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் உறுதி கூறும் புதிய டயாஃப்ரத்தைப் போடுங்கள். ரப்பர் ஓஸ்களில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற, எரிபொருள் ஓஸுக்கான தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குப் பயன்படும் ஓஸைப் பெட்ரோலுக்கு மாட்டியிருப்பதைக் கண்டால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

புதிய டயாஃப்ரத்தைப் பொருத்துவதில் அவசரம் கூடாது. அதன் மையத்தைத் தாங்கும் 11 பித்தளை உருளைகளும் உரிய இடத்தில் அமர வேண்டும். பாயின்ட் தாவாத அளவுக்கு, அதாவது சட்டெனச் சேர்ந்து பிரியாத அளவுக்கு, டயாஃப்ரத்தை உள்ளே திருகிய பின், பாயின்ட் தாவத் தொடங்கும் இடம் வரை திருப்பி, அங்கிருந்து டயாஃப்ரத்தின் விளிம்பிலுள்ள துளைகளில் மேலும் 4, அதாவது மூன்றில் இரண்டு சுற்று, பின்னால் திருப்ப வேண்டும். இந்தக் கணக்குப் பிசகினால் பம்ப் ஒழுங்காக அடிக்காது. 1967க்கு முந்தைய எம்.ஜி.பி.யில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வைத்த புதிய பம்பை இது தெரியாமல் மாட்டினால் அது கெட்டுப்போகும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையிலும், காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்திலும் தேங்கும். பள்ளத்தில் இறங்கி இந்தப் பம்பைக் கழற்ற நான் எவரையும் அனுமதிப்பதில்லை. பம்பை மேசையில் சோதிக்கும்போது பாயின்டில் பொறி பறக்கும். அதனால் பெட்ரோலை ஒதுக்கிவிட்டு மண்ணெண்ணெயில்தான் சோதிக்க வேண்டும்.

பேராசிரியரின் காரில் டேங்கைச் சுத்தம் செய்து, குழாய்களை மாற்றி, எர்த் கம்பியைப் புதிதாக இழுத்து, பம்பைப் பிரித்துக் கட்ட ஒன்பது நாள் ஆனது. சாவியைத் திருப்பியதும் விரைந்து அடித்த ஓசை மெல்லத் தளர்ந்து ஓய்ந்தது. நாங்கள் இருவரும் பேசாமல் கால் மணி நேரம் அங்கேயே நின்று, ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தோம். தாள்கள் உலர்ந்தே இருந்தன. ஒரு வாரம் ஓட்டிவிட்டு கிளிப்புகளை மீண்டும் இறுக்கிக்கொள்ள வரச் சொன்னேன். எட்டாம் நாள் காலையில் அவர் வந்துவிட்டார்.