ஆன்லைனில் விற்பவர்கள் பணத்தை எப்படி வாங்கலாம்? தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

தீபாவளி நெருங்கினால் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமெல்லாம் வீட்டிலிருந்தே புடவை, வளையல், ஊறுகாய், முறுக்கு விற்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். முகநூல் சந்தை, வாட்ஸ்அப் குழு, பாப் ஷாப் மாதிரியான தளங்கள் என்று கடை விரிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. பணம் வாங்கும் விஷயத்தில்தான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். "ஈஎஃப்டி மட்டும்தான் வாங்குவேன்னு போட்டா சட்டப்படி தப்பா அக்கா?" என்பது அதில் அடிக்கடி வரும் கேள்வி. ஈஎஃப்டி என்றால் பேங்க் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புவது.

தப்பில்லை. ஆன்லைன் வியாபாரத்தை ஆளும் சட்டம் 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம். கார்டு வாங்கியே ஆக வேண்டும், ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்றெல்லாம் அது பட்டியல் போடவில்லை. எந்த முறையை ஏற்பது என்பது விற்பவர் விருப்பம். ஆனால் அதன் 43ஆம் பிரிவு இரண்டு விஷயங்களில் கறாராக இருக்கிறது.

முதலாவது, முன்கூட்டியே சொல்வது. விற்பவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், வரியும் கூரியர் செலவும் சேர்ந்த முழு விலை, பணம் செலுத்தும் முறை, திருப்பி எடுக்கும் விதி எல்லாம் வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஆர்டரை உறுதி செய்யும் முன் அதைச் சரிபார்க்கவும், தவறைத் திருத்தவும், வேண்டாம் என்று விலகவும் வழி விட வேண்டும். இதில் குறை வைத்தால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வாங்குபவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். "விலைக்கு இன்பாக்ஸில் வாங்க" என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவதுதான் கனமானது. விற்பனை நடக்கும் சமயத்துத் தொழில்நுட்பத் தரத்துக்கும் வியாபாரத்தின் தன்மைக்கும் ஏற்ற, போதுமான பாதுகாப்புள்ள பணமுறையைத்தான் விற்பவர் பயன்படுத்த வேண்டும். அப்படிச் செய்யாததால் வாங்குபவருக்கு நஷ்டம் வந்தால், விற்பவரே பொறுப்பு. பேங்கும் தளமும் வேறு விதமாகச் சொன்னாலும் இந்தப் பொறுப்பு நீங்காது.

நடைமுறையில் இது எங்கே கடிக்கும்? கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதை வைத்துப் பணம் எடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணைப் பணம் எடுத்தபிறகு யாரும் சேமித்து வைக்கவே கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் உலகப் பொதுவிதி. உங்கள் போன் தொலைந்து, அந்தப் படத்தை வைத்து யாரோ சாமான் வாங்கினால், அதைப் பாதுகாப்பான முறை என்று நீங்கள் வாதாட முடியாது. கார்டு வாங்க ஆசை இருந்தால் பேஃபாஸ்ட், யோக்கோ போன்ற, கார்டில் பணம் வாங்கித் தரும் சேவைகளின் லிங்க்கை அனுப்புங்கள். எண்ணை அவர்கள் பக்கத்தில் வாங்குபவரே தட்டுவார், பேங்கின் ஓடிபியும் அவருக்கே போகும். கமிஷன் போகும்தான். இருந்தாலும் அது கொடுக்க வேண்டிய காசு என்பேன்.

ஈஎஃப்டியில் ஆபத்து விற்பவர் பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 850 ரேண்டுக்கு "பேமென்ட் ஆச்சு" என்று ஸ்க்ரீன்ஷாட் வரும், பத்து நிமிடத்தில் வாசலில் டிரைவர் நிற்பார். ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்குச் சாதாரண ஈஎஃப்டி வந்து சேர ஒன்றிரண்டு வேலை நாள் ஆகலாம். ஸ்க்ரீன்ஷாட்டோ, பேங்க் அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியோ ஜோடிக்கக் கூடியவை. உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து, கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தபிறகே புடவையைக் கொடுங்கள். அவசரம் என்றால் பேஷாப் இருக்கிறது. 2023 மார்ச்சில் வந்த இந்த முறையில் கைபேசி எண்ணை வைத்தே பணம் அனுப்பலாம், உடனே வந்துவிடும்.

காசோலையை மறந்துவிடலாம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு நாட்டில் அது செல்லாது. கிரிப்டோ சட்டப்பூர்வ நாணயம் இல்லை, யாரும் வாங்கியாக வேண்டியதில்லை.

சட்டத்துக்கு மேல் தளங்களின் சொந்த விதி இருக்கிறது, அது பெரும்பாலும் இன்னும் கடுமை. டேக்கலாட் என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விற்பவர் கைக்குப் பணம் நேராக வருவதே இல்லை; தளம் வசூலித்து, தன் கட்டணம் போக மிச்சத்தைக் கொடுக்கிறது. இப்படித் தளமே பணம் வசூலிக்கிற இடத்தில், "கமிஷன் மிச்சமாகும், எனக்கு நேரா போடுங்க" என்று வாங்குபவரை வெளியே இழுத்தால் கணக்கை முடக்கிவிடலாம்.

அப்புறம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. 44ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வாங்குபவர் ரத்து செய்யலாம். பொருளைத் திருப்பி அனுப்பும் நேரடிச் செலவு மட்டும் அவர் தலையில். கட்டிய முழுத் தொகையும் ரத்து செய்த 30 நாளுக்குள் திரும்ப வேண்டும். அளவெடுத்துத் தைத்த ரவிக்கைக்கு இந்த உரிமை கிடையாது. சீக்கிரம் கெடுகிற தின்பண்டத்துக்கும், ஏலத்தில் எடுத்ததற்கும் கிடையாது. ஆனால் விலக்கு 44ஆம் பிரிவுக்கு மட்டும்தான். முறுக்கு விற்பவரும் 43ஆம் பிரிவின்படி விவரம் சொல்லியே ஆக வேண்டும், பாதுகாப்பான முறையில்தான் பணம் வாங்க வேண்டும்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை, பணமும் திரும்பாது" என்று பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில் போட்டுத் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த உரிமைகளைப் பறிக்கிற எந்த நிபந்தனையும் செல்லாது என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கியவர் அதைப் படித்து "சரி" என்று தட்டியிருந்தாலும் அப்படித்தான். தகராறு முற்றினால் அவர் நுகர்வோர் பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு மேல் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.