உறைபனி விழுந்த வாரத்திலும் புல் ஏன் வளர்கிறது?

லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்டோபர் கடைசி ஞாயிறு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிற அன்றைக்கே புல்வெட்டும் மெஷினையும் துடைத்து ஷெட்டுக்குள் வைத்துவிடுவோம். நவம்பர் பாதியில் பார்த்தால் புல் மறுபடி எழும்பி நிற்கிறது. அதுவும் காலையில் உறைபனி விழுந்த வாரத்திலேயே. இது எப்போதுதான் நிற்கும்?"

பகல் குறைவது ஒரு காரணம். டிசம்பர் பிற்பாதியில் லண்டனுக்கு 8 மணி நேரப் பகல்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் வளர்ச்சியை நிறுத்துவது முக்கியமாகக் குளிர்தான். பிரிட்டன் வானிலை அலுவலகம் வளர்பருவத்தைக் கணக்கிடுவதும் 5 டிகிரி செல்சியஸை வைத்துத்தான். சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாள் அதற்கு மேல் இருந்தால் பருவம் தொடங்கியது. ஆண்டின் பிற்பாதியில் தொடர்ந்து 5 நாள் அதற்குக் கீழே போனால் முடிந்தது. அங்குள்ள புல்தரைகளில் பெரும்பாலும் இருக்கிற ரைகிராஸ், ஃபெஸ்க்யூ வகைகளுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும்.

சரி, எந்த இடத்து 5 டிகிரி? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது.

தோட்டத்திலிருந்து ஒரு ரைகிராஸ் தூரை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். இலையின் கீழ்ப்புறம் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். தண்டு மாதிரித் தெரிவதன் அடியில் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். அது உண்மையில் தண்டு இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய இலையுறைகள். நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் வெளிறிய, பச்சையே ஏறாத, தொட்டாலே நசுங்குகிற ஒரு குருத்து கிடைக்கும். இலையின் வளர்ச்சி முழுவதும் நடப்பது அந்தக் கடைசிச் சில சென்டிமீட்டரில்தான். புதுச் செல்கள் அங்கே பிறக்கின்றன, அங்கேயே நீள்கின்றன, மேலே தள்ளப்படுகின்றன. வெளியே வந்து பச்சையான பகுதி அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது.

நம்பிக்கை வராவிட்டால் வெட்டிய புல்லின் நுனியைக் கவனியுங்கள். மெஷின் அறுத்த தட்டையான முனை அப்படியே இருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே முனை உயரத்தில் நிற்கும். மார்க்கரால் இலையில் சம தூரத்தில் புள்ளிகள் வைத்தாலும் அப்படித்தான்: புள்ளிகளுக்கு இடையே தூரம் மாறாது, எல்லாம் சேர்ந்து உறைக்குள்ளிருந்து மேலே வரும். மாடு மேய்ந்தாலும் மெஷின் ஓட்டினாலும் புல் சாகாமல் இருப்பதற்குக் காரணம் இந்த அமைப்பு. வாய்க்கும் கத்திக்கும் எட்டாத ஆழத்தில், மண்ணை ஒட்டி, அதன் உற்பத்திக்கூடம் இருக்கிறது.

அப்படியானால் குளிரை 'உணர்வதும்' அந்த இடம்தானே? 1975இல் பீகாக் என்ற ஆய்வாளர் ரைகிராஸை வைத்து இதைச் சோதித்து வெளியிட்டார். இலை நீளும் வேகத்தைத் தீர்மானிப்பது தரையோரத்து வளர்முனையின் வெப்பநிலை என்று தெரிந்தது. வாசகரின் புதிர் இதில் அவிழ்ந்துவிடுகிறது. இலையுதிர் காலத்தில் காற்று சீக்கிரம் குளிரும். கோடை முழுக்க வெயில் குடித்த மண் மெதுவாகத்தான் குளிரும். விடியற்காலையில் இலை நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போதே, கீழே மண் 8 டிகிரியில் இருக்கலாம். குருத்துக்கு அது போதும்.

மண்ணும் 5 டிகிரிக்குக் கீழே போன பிறகு நடப்பது இன்னும் அழகு. புல் பட்டினியால் நிற்கிறது என்று நினைப்போம். அப்படி இல்லை. அந்தக் குளிரிலும் வெயில் அடித்தால் இலை ஒளிச்சேர்க்கை செய்துகொண்டேதான் இருக்கிறது. செல் பிரிவதும் நீள்வதும்தான் ஏறக்குறைய நின்றுபோகின்றன. செங்கல் லாரி லாரியாக வந்து இறங்குகிறது, கொத்தனார்தான் வேலைக்கு வரவில்லை. அப்போது தேங்குகிற சர்க்கரையை ரைகிராஸ் பிரக்டான் என்ற சங்கிலிகளாகக் கோத்து, இலையடியிலும் தூரின் அடியிலும் சேமிக்கிறது. நீரில் கரைகிற இந்தச் சேமிப்பு குளிரைத் தாங்கவும் உதவுகிறது. வசந்தத்தில் முதல் இலைகளுக்குச் செலவாவதும் இதுதான். குதிரை வளர்ப்பவர்களுக்கு இது பாடமில்லாமலே தெரியும். உறைபனியும் வெயிலும் சேர்ந்த காலைகளில் குதிரையை மேயவிட அஞ்சுவார்கள். பிரக்டான் மிகுந்த புல்லைத் தின்றால் குளம்பில் அழற்சி வரும் ஆபத்து உண்டு.

இன்னொன்று: உறைதலைச் சமாளிக்க ரைகிராஸிடம் ஒரு புரதம் இருப்பது 2000இல் வெளியானது. பனிக்கட்டி உருவாவதை அது தடுப்பதைவிட, சின்னச் சின்னப் படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகித் திசுவைக் கிழிப்பதைத் தடுப்பதில்தான் கெட்டி. கொதிநீர் வெப்பத்திலும் அது கெடுவதில்லை என்பது வியப்பு.

ஊரிலிருக்கும் அருகம்புல் வேறு ரகம். வெப்பநாட்டுப் புல், சுமார் 10 டிகிரியிலேயே உறக்கத்துக்குப் போய்விடும், உறைபனி பட்டால் பழுப்பாகிவிடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதைத்தான் புல்தரையாகப் போடுகிறார்கள், குளிர்காலத்தில் தரை வைக்கோல் நிறமாகக் கிடக்கும்.

புல் நீள்வதை அளக்க ஒரு ஆராய்ச்சியா, அதற்குக் காசா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது. நடு இங்கிலாந்துக்கு 1772 முதல் நாள்தோறும் வெப்பநிலைப் பதிவு இருக்கிறது. வளர்பருவம் நீண்டுவருகிறது என்று இன்று அடித்துச் சொல்ல முடிவது அந்தப் பதிவால்தான். தலைமுறை தலைமுறையாக யாரோ சலிக்காமல் வெப்பமானியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் ஹர்லியில் புல்லுக்கென்றே இருந்த ஆராய்ச்சி நிலையம் மூடப்பட்டுவிட்டது. மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் தரும் அரசுகளால் இப்படிப்பட்ட பதிவுகளைக் காப்பாற்ற முடியாது.

அப்புறம், ஹாரோ வாசகருக்கு. மண் வெப்பமானி ஒன்று வாங்கி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் குத்தி, காலை 9 மணிக்குப் பாருங்கள். வாரம் முழுக்க 5 டிகிரிக்குக் கீழேயே நின்றால் மெஷினில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிட்டு உள்ளே வைக்கலாம். அதுவரை வளர்ந்தால் வெட்டுங்கள், டிசம்பராக இருந்தாலும் தவறில்லை. ஆனால் தரை காய்ந்திருக்க வேண்டும், கத்தியை உயர்த்தி வைக்க வேண்டும், ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ரொம்ப நீளமாக விட்டாலும் ஈரத்தில் சாய்ந்து பூஞ்சை பிடிக்கும். உறைபனி உருகும்வரை புல்லில் கால் வைக்காதீர்கள். விறைத்த செல்கள் மிதிபட்டு நொறுங்கி, பிற்பாடு உங்கள் காலடிகள் பழுப்புத் திட்டுகளாகத் தெரியும்.